மகளின் விண்ணப்பம்

என்னைப் போல மகளும் ஆகிவிடக் கூடாது என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. கணவன் மகளின் விண்ணப்பத்தை நீட்டினான்.

"கையெழுத்துப் போட்டுடு. காலமெல்லாம் நான் கிரீஸும் கையுமா கிடந்தது போதும். அவளாவது காலேஜுக்குப் போகட்டும்."

"உங்களை மாதிரி லிஃப்ட் மெக்கானிக் ஆகணும்ங்கறாளே."

"பதினெட்டு வயசுல அவளுக்கு என்ன தெரியும்?"

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னார். தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்தாத்தான் எனக்கு உசிரே வரும்னு அழுதேன். கேக்கலை."

"அதனால நீ என்ன கெட்டா போயிட்ட?"

அவள் பதில் சொல்வதற்குள் பியூன் ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார்.

"பிரின்சிபால் மேடம், இன்னிக்கு வந்த அட்மிஷன் ஃபாரம் எல்லாம் இதுல இருக்கு."

அவள் வரிசையாகக் கையெழுத்திட்டாள். மகளுடையதை மட்டும் மடித்துக் கணவன் கையில் கொடுத்தாள்.

"இது ஒண்ணு வேண்டாங்க."