ஏழாம் அறை

என் கணவர் குணரத்தினத்துக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை. வருசா வருசம் குடும்பத்தோடு போய்வர இலவச ரெயில் வாறண்ட் கிடைக்கும். வருசா வருசம் கொழும்பில் அவருடைய அக்கா வீட்டில் தங்குவோம். விடுமுறை முழுக்க நான் மச்சாளின் குசினியில் மிளகாய் அரைப்பேன். காலிமுகத்திடல் கடற்கரையை இன்னும் பார்த்ததில்லை.

"இந்த முறை லொட்ஜிலை தங்குவம்" என்றேன்.

"சொந்தம் இருக்க லொட்ஜோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும்."

மலிவான லொட்ஜ் நாலுக்குத் தபாலட்டை எழுதினேன். மூன்றில் அறை இல்லை. மருதானையிலிருந்து வந்த நாலாவது அட்டையில் இப்படி இருந்தது: "திருமதி புஷ்பவதி குணரத்தினம், லிங்கநகர், திருகோணமலை. அம்மா, நீங்கள் பத்து நாளாக எங்கள் ஏழாம் அறையில்தானே இருக்கிறீர்கள். இன்னோர் அறை எதற்கு?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கள் அக்கா வீட்டையே போவம்" என்றார்.

நான் விடவில்லை. ஏழாம் அறையில் இருப்பவள் பொழுதை எப்படிக் கழிக்கிறாள் என்று கேட்டு எழுதினேன். எட்டு மணிவரை நித்திரை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, பின்னேரம் காலிமுகத்திடல் என்று பதில் வந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். அதற்குள் அவளை அறையைவிட்டுப் போகச் சொல்லுங்கள்" என்று எழுதி, நானே கொண்டுபோய்த் தபாற்பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை பதில் வந்தபோது என் சூட்கேஸ் வாசலில் தயாராக இருந்தது. அட்டையில் ஒரே ஒரு சொல்தான்.

"ஏலாது."

என் கையெழுத்தேதான்.