கைமாற்று

எந்த நிறுவனத்தின் செயற்கைக் கையும் எவருடைய மணிக்கட்டிலும் பொருந்தியாக வேண்டும் என்று இணைப்புத் தரக் கூட்டமைப்பு விதி கொண்டுவந்த பிறகு, தூத்துக்குடியில் கை இரவல் வாங்குவது சர்க்கரை இரவல் வாங்குவதுபோல ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரோட்டா மாஸ்டர் பேச்சிமுத்துவின் வலது கை பழுதாகி நின்றது. கடையிலோ கூட்டம். கீழ்வீட்டில் இருந்த எமல்டாவிடம் ஓடினார். அவள் மணப்பெண் அலங்காரம் செய்பவள்.

"சாயங்காலம் எனக்குக் கல்யாண வேலை இருக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள கொண்டாந்துரணும்" என்று தன் கையைக் கழற்றிக் கொடுத்தாள்.

அந்த மெல்லிய கை முதலில் மாவைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் பரோட்டாவைப் போட்டு அடிக்கப் பழகிவிட்டது. பேச்சிமுத்து அதை நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை எமல்டா வந்து நின்றாள்.

"பவுடர் போடப் போன கை, பொண்ணு கன்னத்துல ரெண்டு பக்கமும் பளார்னு அடிச்சிட்டு அண்ணாச்சி!"

பேச்சிமுத்து பதறி எழுந்தார். "ஐயோ, உன் பொழப்பு போச்சா?"

"எங்க போச்சு? கன்னம் அப்படிச் செவந்துட்டு! அவ தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கும் அதே செவப்பு வேணுமாம்."

எமல்டா கையைக் கழற்றி நீட்டினாள்.

"இன்னைக்கும் கடைக்குக் கொண்டுபோங்க. கொஞ்சம் வலிக்காம அடிக்கப் பழக்கிட்டு வாங்க."