கேக்கில் தூசி

செண்பகம் குனிந்து ஊதினாள்.

ஒன்றும் பறக்கவில்லை.

மேசைமேல் சாக்லேட் கேக். மகன் சுதர்சனின் பிறந்தநாளுக்கு மருமகள் ஹெலன் காலையிலிருந்து நின்றபடியே செய்தது.

செண்பகம் ராஜபாளையத்திலிருந்து லீட்ஸுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அவளுக்கு ஆங்கிலம் வராது. ஹெலனுக்குத் தமிழ் வராது. ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சுதர்சன்தான் சொல்வான். அவன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் வெறும் புன்னகை.

செண்பகம் தானாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். வந்த மறுநாள் ஹெலன் புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் காட்டி, "டஸ்ட்" என்றாள்.

செண்பகம் துணிக்குக் கை நீட்டினாள். ஹெலன் தரவில்லை. தோளைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்துவிட்டாள்.

விருந்தாளி.

இன்று போன் அடிக்கவும் வெளியே ஓடிய ஹெலன், கேக்கைக் காட்டிவிட்டுப் போனாள். "அம்மா, டஸ்ட், ப்ளீஸ்!"

முதன்முதலாக ஒரு வேலை!

செண்பகம் நல்ல வெள்ளைத் துணியாக எடுத்தாள். மெல்லத் துடைத்தாள். துணி கறுத்தது. மடித்து, மறுபடி துடைத்தாள்.

துடைக்கத் துடைக்க அழுக்கு வந்துகொண்டே இருந்தது.

வாசலில் ஹெலன்.

கேக்கைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"டஸ்ட்டு..." செண்பகம் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ஐயோ, அழுகிறாளே.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹெலன் ஒரு சின்ன சல்லடையை எடுத்தாள். சர்க்கரைப் பொடியைப் போட்டுக் கேக்கின்மேல் தட்டினாள். துடைத்த தடங்களின்மேல் வெள்ளையாக இறங்கியது.

"டஸ்ட்."

"அடிப்பாவி! தொடைக்கிறதும் டஸ்ட்டு, தூவுறதும் டஸ்ட்டா?"

ஹெலனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இன்னும் பலமாகச் சிரித்தாள். சல்லடையை மாமியார் கையில் கொடுத்தாள்.

செண்பகம் தட்டினாள். கேக், மேசை, தரை, ஹெலனின் மூக்கு.

மாலையில் வந்த சுதர்சன் கேக்கைப் பார்த்துத் திகைத்தான்.

"ஏம்மா இம்புட்டுச் சீனி?"

ஹெலன் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஹெலனைப் பார்த்தாள். இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"அவளக் கேளு."

மனைவியிடம் ஆங்கிலத்தில் கேட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டு அம்மாவைக் காட்டினாள்.

சுதர்சன் கத்தியும் கையுமாக இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவனுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.