இடக்கைப் படம்

அறையில் இருந்தவர்கள்: பழைய ஊமைக் கார்ட்டூன் சுருள்களைச் சேர்த்துவரும் ராஜையா, தையல் கடை எரிந்துபோனதும் அப்பா வீட்டுக்கு வந்துவிட்ட அவர் மகள் ரெபேக்கா, சுருள் வாங்க வந்த ஷௌகத், சுவரில் ஒரு பூனை.

கடைக்குக் கூரை போடுவதற்காகத் தன்னிடமிருந்த ஒரே நல்ல சுருளை ராஜையா விற்கத் துணிந்திருந்தார்.

"நான் இனி அந்தக் கடையத் தெறக்க மாட்டேன். வீணா விக்காதீங்க," என்றாள் ரெபேக்கா.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க, ஷௌகத் படம் காட்டும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றினார். சுவரில் விழுந்த படத்தில் பூனை வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் வீடு பற்றி எரிந்து சாம்பலானது.

ராஜையா எழுந்துவிட்டார். "இது என் படமில்லையே!"

ஷௌகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க பீச்சாங்கைக்காரரு. இத்தன வருசமும் பின்னாலருந்து முன்னாலல்லா சுத்திருக்கிய! பூனை பின்பக்கமா நடந்திருக்குமே, பாக்கலியா?"

"அது அந்தப் பூனையோட குசும்புன்னுல்லா நெனச்சேன்."

"உங்க கையால ஒருக்கா சுத்துங்கப்பா," என்றாள் ரெபேக்கா.

ராஜையா இடக்கையால் சுழற்றினார். சாம்பல் குவிந்து சுவராக எழுந்தது. வானத்திலிருந்து ஓடுகள் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையாக உட்கார்ந்தன.

"கடைக்கு ஓடு போடுறவர நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றாள் அவள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூனை பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.