ஊட்டு

“ஊட்டு... ஊட்டுக்...”

வெள்ளையம்மாள் மறுபடியும் கேட்டாள். முடிக்கும்போது விக்கல் மாதிரி தொண்டை அடைத்துக்கொண்டது. நர்ஸ் தேவகுமாரி கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடினாள்.

“இதோ வந்துட்டேன்மா. ஊட்டத்தானே போறேன்?”

அரை ஸ்பூன்கூட இறங்கவில்லை. புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது.

பக்கவாதம். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றவள் அப்படியே சரிந்துவிட, யார் யாரோ தூக்கிவந்து ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வலது பக்கம் போய், பேச்சும் போய், மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.

சேதி கேட்டு வந்த புருஷன் சின்னையன், “ஜீப்பக் கூட்டியாறேன் புள்ள, சொன்ன சொல்லு மாற மாட்டேன்” என்று காதோடு சொல்லிவிட்டு தங்கள் ஊரான மஞ்சக்குட்டைக்குத் திரும்பினார். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் என்று தேவகுமாரி நினைத்துக்கொண்டாள். அன்று பிடித்த ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து பாதை அடைபட்டது. வார்டு ஆயாகூட வேலைக்கு வரவில்லை.

டாக்டர் ஜேசுதாஸ் நாடியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “வாய் வழியா இனி முடியாது சிஸ்டர். மூக்குல குழாய் போடலாம், போட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். தொந்தரவு பண்ணாம நிம்மதியா விடறதும் ஒரு வழிதான். இவங்க மனசுல என்ன இருக்கோ, யாரைக் கேக்கறது?”

“மனசுல என்ன டாக்டர்? வாய்விட்டே கேக்கிறாங்களே, பசிக்குதுன்னு!”

தேவகுமாரி நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே அவள் அம்மா, ஒரு வாய் கஞ்சி கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள். அந்தக் குரல் இன்னும் அவளைத் தூங்க விடவில்லை. இன்னொரு தாய் பசியோடு போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

குழாய் இறங்கியது. வெள்ளையம்மாள் இடது கையால் பிடுங்கி எறிந்தாள். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். கடைசியில் தேவகுமாரியே அந்தக் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள்.

“உங்க நல்லதுக்குத்தாம்மா.”

வேளை தவறாமல் பாலும் கஞ்சித் தண்ணீரும் போயின. ஊற்ற ஊற்ற வெள்ளையம்மாளின் கண்ணில் நீர் வழிந்தது. “ஊட்டுக்... ஊட்டுக்...”

இவ்வளவு கொடுத்தும் பசி அடங்கவில்லையே என்று தேவகுமாரியும் அழுதாள்.

நான்காம் நாள் விடியலில் மழை விட்டது. வெள்ளையம்மாளும் போய்விட்டாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. சேறு அப்பிய காலோடு சின்னையன் உள்ளே வந்தார். மனைவியின் மணிக்கட்டில் இருந்த தழும்பையும் மூக்குப் புண்ணையும் பார்த்தபடி நின்றார்.

“சேலத்துக்குக் கொண்டுபோக இருந்தீங்களா ஐயா?”

“சேலத்துக்கு எதுக்குங்க சிஸ்டர்? படுத்துட்டா கொழாய் கிழாய் நொம்பத் தொந்தரவு, வேண்டவே வேண்டாம்னு போன தையிலயே எங்கிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டா.”

தேவகுமாரிக்குத் திக்கென்றது. “அவங்களேதான் கேட்டாங்க ஐயா! கடைசி மூச்சு வரைக்கும் ‘ஊட்டு, ஊட்டு’ன்னு...”

சின்னையன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தத் தழும்பைத் தடவிவிட்டு, மனைவியின் காதோடு சொன்னார்:

“வா புள்ள... ஊட்டுக்குப் போலாம்.”