காற்றுத்தடையைப் புறக்கணிக்க

நிவேதனாவின் இயற்பியல் நோட்டில், வில்லாக வளைந்த ஒரு கோட்டின் உச்சியில், பென்சிலால் வரைந்த பந்து ஒன்று இருந்தது. நோட்டுக்குப் பக்கத்தில், விளையாடிவிட்டு வந்து அவள் வைத்த டென்னிஸ் பந்து.

“இன்னைக்கு சிக்ஸர் போயிருக்கணும்,” என்று டென்னிஸ் பந்து அலுத்துக்கொண்டது. “எதிர்க்காத்து பிடிச்சு இழுத்துக் கேட்ச் ஆக்கிடுச்சு. சனியன் பிடிச்ச காத்து!”

“உன்னைப் பிடிச்சு இழுத்துச்சா?” என்றது பென்சில் பந்து. “அது எப்படி இருக்கும்?”

“உனக்குத் தெரியாதா?”

“என் கணக்குல எல்லாம் கடைசி வரி ஒண்ணுதான். ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க.’ எத்தனை தடவை எறிஞ்சாலும் சரியா நாற்பது மீட்டர்ல விழுவேன். வழியில என்னை ஒருத்தரும் தொட்டதில்லை.”



அப்போது போயிருந்த கரண்ட் வந்தது. ஃபேன் சுழன்றது. நோட்டின் தாள் மெல்ல எழும்பிப் படபடத்தது.

“இதுவா?” பென்சில் பந்தின் குரல் நடுங்கியது. “இதுதானா அது?”

டென்னிஸ் பந்து பதில் சொல்வதற்குள், “எழுத விடுதா பாரு,” என்று முணுமுணுத்த நிவேதனா, அந்தப் பந்தையே எடுத்துத் தாளின்மேல் வைத்தாள். தாள் அடங்கியது. நாற்பது மீட்டர் என்று விடை எழுதி அடிக்கோடிட்டாள்.

“கொஞ்சம் நகர்ந்துக்கோயேன்,” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“நானா எப்படி நகர்றது?” என்றது டென்னிஸ் பந்து. “யாராச்சும் தட்டணும். இல்லேன்னா மைதானத்துல வந்துச்சே, அந்தக் காத்து வரணும்.”