ஞாயிற்றுக்கிழமைக் கை

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரே கிரானைட் பலகையை இறக்கும்போதுதான் இசக்கிராஜாவும் செலஸ்டினும் வலது கையை இழந்தார்கள். இழந்தவர்களுக்கு இயந்திரக் கை தரவேண்டும் என்றது சட்டம். இரண்டு பேருக்கு ஒன்று போதும் என்றது கம்பெனி. காலை ஷிப்டில் இசக்கிராஜா மாட்டிக்கொள்வான், மதியம் செலஸ்டின். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கு என்று சங்க ஆபீசில் சீட்டு குலுக்கினார்கள். இந்த வருஷம் முழுக்கச் செலஸ்டினுக்கு விழுந்தது.

திரும்பத் திரும்பச் செய்வதை அந்தக் கை கற்றுக்கொள்ளும். திங்கட்கிழமை டீ குடிக்க உட்கார்ந்தபோது, அது தானாகவே இசக்கிராஜாவின் தொடையை மெல்லத் தட்டியது. குழந்தையைத் தூங்கவைக்கும் தட்டு. செலஸ்டினின் குழந்தையை.

வீட்டில் சொன்னபோது மனைவி பேச்சி கேட்டாள்: "நம்ம பிள்ளைய ஒருநாளாவது அது தட்டுமா?"

இசக்கிராஜாவுக்கு வயிறு எரிந்தது. ஒரே கல்தானே விழுந்தது!

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லோரும் போனபின் அவன் இயந்திர விரல்களை இறுக மூடி, கன்டெய்னர் சுவரில் குத்தினான். நூறு, இருநூறு. பிறகு அவன் நிறுத்தினாலும் கை நிறுத்தவில்லை; தானாகவே இன்னும் பத்து குத்து குத்திவிட்டுத்தான் ஓய்ந்தது.

செலஸ்டின் சிரித்துக்கொண்டே வந்தான்.

"கழட்டித் தாங்க அண்ணாச்சி. பாப்பா இதுக்குத்தான் காத்துக்கிட்டு கெடக்கா."

இசக்கிராஜா கழற்றிக் கொடுத்தான்.